கடைசி வித்தை

புலிக்கு எல்லா வித்தையும் கற்றுக்கொடுத்த பூனை, மரம் ஏறுவதை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டதாம். பூனையை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு உயிர்ப் பயம். ஆனால் சங்கீதத்திலும் வைத்தியத்திலும் எத்தனையோ குருமார்கள், எந்தப் புலியும் துரத்தாமலே, கடைசி வித்தையைத் தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள். அதனால்தான் ஆன்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்ற ஜெர்மானிய டாக்டரின் கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடைபட்ட ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி வழி உண்டாக்கலாம் என்று காட்டியவர் சார்லஸ் டாட்டர் என்ற அமெரிக்கர். 1964-ல் ஒரு மூதாட்டியின் காலில் அதைச் செய்தார். ஆனால், கால் வேறு, இருதயம் வேறு. ஓயாமல் துடிக்கிற இருதயத்துக்கே ரத்தம் ஊட்டும் சின்னஞ்சிறு குழாய்க்குள் புகுவதென்றால் சும்மாவா? ஸூரிச் நகரில் க்ரூன்ட்ஸிக் தம் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, குழாயின் முனையில் குட்டிப் பலூன்களைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். 1977 செப்டம்பர் 16-ந் தேதி, 38 வயது மனிதர் ஒருவரின் இருதயக் குழாயில் அந்தப் பலூனை ஊதினார். நோயாளி விழித்துக்கொண்டேயிருந்தார். டாக்டருக்கும் வயது 38 தான். அடைப்பு விலகியது. பத்து வருஷம் கழித்துச் சோதித்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம்தான் விசேஷம். மறு வருஷமே பிற தேசத்து டாக்டர்களை ஸூரிச்சுக்கு அழைத்தார். அவர் சிகிச்சை செய்ய, அவர்கள் டெலிவிஷனில் அதை அப்போதைக்கப்போதே பார்த்தார்கள். வெற்றியான படங்களைப் பொறுக்கியெடுத்துக் காட்டுவது சுலபம். கண்ணெதிரே செய்தால், பலூன் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் முரண்டு பண்ணுவதும் தெரியும். குழாய் திடீரென்று மூடிக்கொள்வதும் தெரியும். அப்படி நேர்ந்தால் மார்பைத் திறக்க ரணசிகிச்சை நிபுணர்கள் காத்திருந்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்துகிறது. மேஜையில் கிடந்தவர் பாடப்புத்தகம் அல்ல. பெண்டாட்டி பிள்ளைகள் உள்ள மனிதர். கச்சேரியில் சுருதி பிசகினால் சமாளித்துக்கொள்ளலாம். இங்கே, நாலு பேர் பார்க்கிறார்களே என்று கை கொஞ்சம் அவசரப்பட்டால்? நானாயிருந்தால் சம்மதித்திருப்பேனா, சொல்லத் தெரியவில்லை. ஆனாலும், யாரும் பார்க்காத அறையில் தானாகவே கற்றுக்கொண்ட ஒருவரிடம் என் நெஞ்சைக் கொடுக்க இதைவிட அதிகமாகப் பயப்படுவேன்.

1980-ல் அவர் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலைக்குப் போனார். அங்கேயும் டாக்டர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1985 அக்டோபர் 27-ந் தேதி, தாமே ஓட்டிச் சென்ற விமானம் விழுந்து இறந்தார். வயது 46. வித்தை அவரோடு போகவில்லை. அதற்குள் பல தேசங்களுக்குப் பரவியிருந்தது.

ஆயினும் நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஊர் திரும்பிச் செய்யக்கூடிய வேலையா இது? அமெரிக்காவில் இதற்கென்று தனிப் பரீட்சை ஏற்பட 1999 வரை ஆயிற்று. பொது வைத்தியத்தில் மூன்று வருஷம், இருதய வைத்தியத்தில் மூன்று வருஷம், அதற்கும் மேலே இந்த ஒன்றுக்காக இன்னொரு வருஷம் என்று ஏற்பாடு. அந்த வருஷத்தில் மூத்தவர் பக்கத்தில் நின்று 250 சிகிச்சைகளிலாவது கை பழகியிருக்கவேண்டும்.