குளிக்கக் கட்டின அரண்மனை

பிரான்சுக்கு வந்தால் எல்லாரும் லூவ்ருக்குப் போவாங்க. நான் போன சனிக்கிழமை போனது ஒரு நீச்சல் குளத்துக்கு. சிரிக்காதீங்க மக்களே, அது இப்போ மியூசியம் :)

வடக்கே லில் நகரத்திலிருந்து மெட்ரோ பிடித்தால் ரூபே. ஒரு காலத்தில் 'ஆயிரம் புகைபோக்கிகளின் நகரம்' என்று பேர் வாங்கின ஜவுளி ஊர். மில் தொழிலாளிகள் வீட்டில் குளியலறை என்பதே அபூர்வம். சோஷலிஸ்ட் மேயர் ழான் பப்திஸ்த் லெபா, இவங்களுக்கு ஒரு குளம் கட்டியே தீரணும்னு நின்றார். அல்பெர் பார்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுக்க, 1927-ல் ஆரம்பித்து 1932-ல் முடித்தார்கள்.

ஏழைங்க குளிக்கத்தானே, நாலு சுவர் போதும்னு விட்டிருக்கலாம். விடலை. மடாலயம் மாதிரி நடுவில் தோட்டம், சுற்றிலும் குளியல் தொட்டி அறைகள், உள்ளே 50 மீட்டர் குளம். அதன் இரண்டு முனையிலும் பிரம்மாண்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள்: ஒன்றில் சூரிய உதயம், இன்னொன்றில் அஸ்தமனம். முதலாளி வீட்டுப் பிள்ளையும் தறி ஓட்டுறவர் பிள்ளையும் ஒரே தண்ணீரில் நீந்தினார்களாம். எனக்கு அங்கே இருந்த எந்தச் சிலையையும் விட இதுதான் பெரிசாகப் பட்டது.

இதே லெபாதான் 1936-ல் தொழிலாளர் அமைச்சர். பிரெஞ்சுத் தொழிலாளிக்கு முதல்முறையாகச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை கிடைத்தது அப்போதுதான். 1941-ல் ஜெர்மன்காரங்க பிடித்துக்கொண்டு போனாங்க. 1944-ல் சிறையிலேயே செத்துப்போனார். ஊர் மெட்ரோ நிலையம் ஒன்றுக்கு இப்போ அவர் பேர்.

மேற்கூரை தாங்காதுன்னு 1985-ல் குளத்தை மூடினார்கள். மில்களும் அந்தக் காலத்தில்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. 2001-ல் ழான் போல் ஃபிலிப்போன் கைவண்ணத்தில் மியூசியமாகத் திறந்தது. புத்திசாலித்தனம் என்னன்னா, தண்ணீரை முழுசா வடிக்கலை. நடுவில் நீளமாக விட்டுவைத்து, இரண்டு கரையிலும் சிலைகளை நிறுத்தியிருக்கிறார். பழைய ஷவர் அறைகளில் பீங்கான், துணி மாதிரிகள். கமீய் க்ளோதெல் செதுக்கின ஒரு சின்னப் பெண்ணின் பளிங்குத் தலையும் இருக்கு. பொதுமக்களும் காசு போட்டு 1996-ல் வாங்கினது. அது முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

திடீர்னு குழந்தைகள் கத்திக் கும்மாளம் போடுற சத்தம். தூக்கிவாரிப் போட்டது. பழைய குளத்துச் சத்தத்தை நினைவுபடுத்த அவ்வப்போது ஒலிபரப்புறாங்களாம். பக்கத்தில் ஒரு பெரியவர் பேத்திக்கு ஒரு ஷவர் அறையைக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த பீங்கான் ஜாடியை அவர் பார்க்கவே இல்லை.