காது வளர்த்தல்: தென் தமிழகத்தின் ஓர் அணிகலன் மரபு

காதுமடலின் கீழ்ச்சதையில் இட்ட துளையைச் சிறுகச் சிறுகப் பெரிதாக்கி, தோளைத் தொடும் அளவுக்கு நீட்டும் வழக்கமே காது வளர்த்தல். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பல சமூகங்களின் பெண்கள் காது வளர்த்தார்கள். சில சமூகங்களில் ஆண்களும் வளர்த்ததுண்டு. இங்கு நகைக்காகவே உடல் மாற்றப்பட்டது. மாறிய உடலுக்கு ஏற்ற நகையும் தனியாக உருவாயிற்று.

வழக்கம் மிகப் பழையது. கரிகாற் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படை, பாடினியின் காதை முடி வெட்டும் கத்தரியின் கைப்பிடி வளையத்துக்கு ஒப்பிட்டு, அது குழையின் பாரத்தைத் தாங்க வல்லது என்கிறது. அகன்ற துளையும் தொங்கும் மடலும் சங்க காலத்திலேயே அழகாகக் கருதப்பட்டதற்கு இது சான்று. சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் நீண்ட காதுகளைக் காணலாம். நடராசரின் ஒரு காதில் ஆணுக்குரிய குழையும் மறுகாதில் பெண்ணுக்குரிய தோடும் இருக்கும்.

நீட்டிய காது அறுந்தும் போகும். காது குத்தும் முறையையும் துளையைப் பெரிதாக்கும் முறையையும் கூறும் பண்டைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை, அறுந்த மடலை ஒட்டவைக்க 15 வழிகளையும் விவரிக்கிறது. ஒட்டறுவை மருத்துவத்தின் மிகப் பழைய பதிவுகளுள் இதுவும் ஒன்று.

காதின் மேற்பகுதி குருத்தெலும்பால் ஆனது. கீழ்மடலில் தோலும் கொழுப்புமே உள்ளதால் அது இழுத்தால் நீளும். ஆனால் அவசரப்பட்டால் கிழிந்துவிடும். ஆகவே சிறு வயதிலேயே காது குத்தி, புண் ஆறும்வரை துளையில் பஞ்சுத் திரி வைப்பார்கள். துளை சற்று அகன்றதும் சுருட்டிய பனையோலையைச் செருகுவார்கள். சுருள் தானாக விரிய முயல்வதால் துளை மெல்ல அகலும். பிறகு குணுக்கு என்னும் ஈய வளையத்தை மாட்டி, காலப்போக்கில் எடையைக் கூட்டுவார்கள். திருமண வயதை எட்டுவதற்குள் மடல் வேண்டிய நீளத்துக்கு வந்திருக்கும்.

அப்படி வளர்ந்த காதில் பாம்படம், தண்டட்டி, முடிச்சு முதலிய நகைகள் தொங்கின. பூவும் கொடியுமாக அமைந்த மற்றத் தமிழ் நகைகளிலிருந்து இவை வேறுபட்டவை. கனசதுரம், உருண்டை, முக்கோணம், தட்டு ஆகிய வடிவங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பொற்கொல்லர்கள் இவற்றைச் செய்தார்கள். மெல்லிய பொன் தகட்டில் உருவத்தைச் செய்து உள்ளே அரக்கு நிரப்பினால், குறைந்த பொன்னில் பெரிய நகை கிடைக்கும், நசுங்காமலும் இருக்கும்.

நிலமும் வீடும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்த காலத்தில் பாம்படம் பெண்ணின் சொந்தச் சொத்தாக இருந்தது. பஞ்சத்திலும் கடனிலும் அடகுக்குப் போனது அதுதான். எப்போதும் உடலிலேயே இருந்ததால் திருடரின் கண்ணும் அதன்மீது விழுந்தது. முதிய பெண்ணின் தண்டட்டி ஒரு குடும்பத்தில் எவ்வளவு கனமான பொருளாக இருந்தது என்பதை 2023-இல் வெளிவந்த ‘தண்டட்டி’ திரைப்படம் கதையாக்கியது.

வழக்கத்துக்கு முதல் எதிர்ப்பு கிறித்தவ மிஷன் வட்டாரங்களிலிருந்து வந்தது. திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றிய மிஷனரிகள், மதம் மாறிய குடும்பங்களின் சிறுமியருக்குக் காது வளர்க்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். குட்டைக் காது தேவதாசிகளுக்கே உரியது என்ற எண்ணம் ஊர்களில் இருந்ததால் மாற்றம் எளிதாக நடக்கவில்லை. பள்ளிப் படிப்பும் நகர வாழ்வும் பரவிய பிறகு எண்ணம் தலைகீழானது. நீண்ட காது பட்டிக்காட்டு அடையாளம் ஆயிற்று. கம்மலும் ஜிமிக்கியும் விருப்பத்துக்குரியவை ஆயின.

சேலையையும் வளையலையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த காது அப்படி மாறாது. அளவுக்கு மேல் நீண்ட மடல் பழைய நிலைக்குத் தானாகச் சுருங்குவதில்லை. ரசனை மாறியபோது ஒரு தலைமுறைப் பெண்கள் மருத்துவரிடம் போய் மடலை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வளர்ந்த காதோடும் பாம்படத்தோடும் கடைசிவரை வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பின் அந்த நகைகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டுச் சங்கிலியாகவும் வளையலாகவும் மாறின. எஞ்சியவற்றில் சில அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் உள்ளன.

அண்மைப் பத்தாண்டுகளில் மேலை நாட்டு இளைஞர்களிடையே காது நீட்டல் புதிய பாணியாகப் பரவி, இந்திய நகரங்களையும் எட்டியுள்ளது. பனையோலையும் ஈயமும் இருந்த இடத்தில் எஃகும் சிலிக்கோனும் வந்துள்ளன. ஆனால் முறை மாறவில்லை: சிறு அளவில் தொடங்கி, புண் ஆறக் காத்திருந்து, அடுத்த அளவுக்குப் போக வேண்டும். அளவுக்கு மேல் நீண்ட மடலை மீட்க இன்றும் அறுவை மருத்துவரே தேவைப்படுகிறார்.