கார்டெக்ட்

கார்டெக்ட் என்பது தொலைபேசி, இணையம் ஆகிய இரண்டையும் ஒருங்கே வழங்கிய கம்பியில்லாத் தொலைத்தொடர்பு முறை ஆகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெனெட் குழு, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில், மைடாஸ், அனலாக் டிவைசஸ் ஆகிய நிறுவனங்களுடன் இணைந்து 1990களில் இதனை உருவாக்கியது.

நோக்கம்

அக்காலத்தில் இந்தியாவில் ஒரு தொலைபேசி இணைப்பை அமைக்க 30,000 ரூபாய்க்கு மேல் செலவானது. செம்புக் கம்பி பதிப்பது இதற்கு முக்கியக் காரணமாகும். இச்செலவை 10,000 ரூபாய் அளவிற்குக் குறைப்பதே குழுவின் இலக்காக இருந்தது.

செயற்பாடு

இது டெக்ட் என்னும் ஐரோப்பியத் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. தள நிலையத்திற்கும் பயனர் வீட்டு அலைவாங்கிக்கும் இடையே தடையற்ற நேர்ப்பார்வை இருப்பின் 10 கி.மீ. வரையும், இடைமாற்று நிலையத்தின் உதவியுடன் 25 கி.மீ. வரையும் இணைப்புக் கிடைக்கும். தொலைபேசியில் பேசிக்கொண்டே வினாடிக்கு 35 கிலோபிட் வேகத்திலும், பேசாதபோது 70 கிலோபிட் வேகத்திலும் இணையத்தைப் பயன்படுத்தலாம்.

பயன்பாடு

2001இல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் தொடங்கிய சாரி திட்டத்தின்கீழ், கார்டெக்ட் வழியாகச் சிற்றூர்களில் இணைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் அங்கிருந்தே வட்ட அலுவலகத்திற்குச் சான்றிதழ் விண்ணப்பங்களை அனுப்பினர்; கண்ணின் ஒளிப்படத்தை அனுப்பி அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆலோசனையையும் பெற்றனர்.

பின்விளைவு

இணைப்பு மலிவானபோதிலும் நிலையங்களுக்குப் போதிய வருவாயும் தொடர்ந்த நிறுவன ஆதரவும் கிட்டவில்லை. எனவே பல நிலையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. செல்பேசியின் பரவலால் கார்டெக்ட் முறையின் தேவையும் குறைந்தது. எனினும், வீட்டில் பொருத்திய அலைவாங்கி வழியே இணையம் வழங்கும் இதே கருத்து, 2023 முதல் இந்தியாவில் 5ஜி வலையமைப்பிலும் பயன்படுத்தப்படுகிறது.