கரிசல் வட்டாரத்தில் கொரோனாப் பெருந்தொற்றும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களும்

தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களை உள்ளடக்கிய கரிசல் பகுதியில் 2020 முதல் 2022 வரை கொரோனாப் பெருந்தொற்றை எதிர்கொண்டதில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெரிய மருத்துவமனைகள் நகரங்களில் இருந்தன. வீட்டு வாசல்வரை சென்றவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள், சுகாதார ஆய்வாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தூய்மைக் காவலர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோரே. அவர்களுடைய பணி எந்த அடித்தளத்தின் மேல் நடந்தது, எவ்வாறு நடந்தது, அதன்பின் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

வட்டாரமும் மக்களும்

ஓட்டப்பிடாரம் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் இவ்வட்டத்திலேயே உள்ளது. மானாவாரி வேளாண்மையே இங்கு முதன்மைத் தொழில். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் முதலியன பயிரிடப்படுகின்றன. மழைக்காலப் பயிர் வீடு வந்து சேர்ந்தபின் கோடையில் காட்டு வேலை குறைவு. அந்த மாதங்களில் கோவில்பட்டிப் பகுதியின் தீப்பெட்டித் தொழிலும், புதியம்புத்தூரின் ஆயத்த ஆடைத் தையலும், ஊரக வேலைவாய்ப்புத் திட்டப் பணியும் குடும்பங்களைத் தாங்குகின்றன. இவையும் போதாதவர்கள் சென்னை, திருப்பூர், மும்பை என்று வெளியூர் செல்கின்றனர்.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது தீப்பெட்டி ஆலைகளும் தையல் கூடங்களும் மூடப்பட்டன. காட்டு வேலை இல்லாத பருவத்தில் கைத்தொழில் கூலியும் நின்றது. குடும்ப அட்டைக்கு அரசு வழங்கிய 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் பசியைத் தணிக்க உதவின. நோயைத் தடுக்க அடிக்கடி கை கழுவச் சொன்னார்கள். குடிநீருக்காகக் குடங்களுடன் குழாயடியில் காத்திருக்கும் ஊர்களில் இந்த எளிய அறிவுரையைப் பின்பற்றுவதே கடினமாக இருந்தது.

முந்தைய கொள்ளைநோய்கள்

கொள்ளைநோய் இம்மக்களுக்குப் புதியதன்று. பெரியம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாட்கள் அவ்வீட்டுக்குள் வராதிருப்பதும், வீட்டார் வேறு வீடுகளுக்குச் செல்லாதிருப்பதும் பழைய வழக்கங்கள். மாரியம்மன் வழிபாட்டோடு இணைந்த இந்த ஒழுங்கு, நோயுற்றோரைத் தனிமைப்படுத்தும் முறையாகவும் பயன்பட்டது. 2020-இல் பல ஊர்களில் வாசல்தோறும் வேப்பிலை கட்டி மஞ்சள் நீர் தெளித்தது இந்த நினைவின் தொடர்ச்சியே.

1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாகப் பரவிய இன்புளுயன்சா காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று கிராமங்களில் நோயாளியைத் தேடிச் செல்லும் அரசுப் பணியாளர் என்று சொல்லத்தக்க எவரும் இல்லை. அதற்குப் பின்னரே, 1922-இல், சென்னை மாகாணத்தில் தனியாகப் பொது சுகாதாரத் துறை உருவானது. 1939-இல் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். பெரியம்மை ஒழிப்பும் பின்னர் போலியோ ஒழிப்பும் இத்துறையின் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றதால் கைகூடியவை. போலியோ இல்லாத நாடாக இந்தியா 2014 மார்ச் 27 அன்று சான்று பெற்றது.

கிராம சுகாதார அமைப்பு

சமவெளிப் பகுதியில் சுமார் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், சுமார் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் இருக்க வேண்டும் என்பது விதிமுறை. துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பாளர் கிராம சுகாதார செவிலியர். ஊர் மக்கள் அவரை ‘நர்ஸம்மா’ என்றே அழைப்பர். கருவுற்ற பெண்களைப் பதிவு செய்வதும், புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும், மகப்பேற்றுக்குப் பின் வீடு சென்று பார்ப்பதும் அவருடைய வழக்கமான பணிகள். பிற மாநிலங்களில் கிராமந்தோறும் காணப்படும் ‘ஆஷா’ பணியாளர்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் எளிதில் சென்றடைய முடியாத இடங்களிலுமே உள்ளனர். எனவே கரிசல் போன்ற சமவெளிகளில் செவிலியரே மக்களுக்கும் மருத்துவத் துறைக்கும் இடையிலான முதல் இணைப்பு.

எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்தப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது, எந்த வீட்டு மகன் மும்பையில் இருக்கிறான் என்பன அவருக்கு முன்பே தெரியும். பெருந்தொற்றுக் காலத்தில் மிகவும் பயன்பட்டது இந்த அறிமுகமே.

தாராவியிலிருந்து கரிசல் வரை

மும்பையின் தாராவியில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் பல இலட்சம் பேர் நெருக்கமாக வாழும் அப்பகுதியில் 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று கண்டறியப்பட்டது. மாநகராட்சிப் பணியாளர்களும் அப்பகுதித் தனியார் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தனர். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமை மையங்களாயின. பெரும்பாலோர் பயன்படுத்தும் பொதுக் கழிப்பறைகள் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. ‘நோயாளி வரும்வரை காத்திராமல் நோயைத் துரத்திச் செல்வது’ என்ற இந்த அணுகுமுறையின் பலனை 2020 ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

ஆனால் அதற்கு முன்பே வேலையும் வருமானமும் இழந்த குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தன. 2020 மே மாதத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தோரிடையே தொற்று கண்டறியப்பட்டதால் தென் மாவட்டங்களில் எண்ணிக்கை உயர்ந்தது. மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலை கோவில்பட்டி வழியாகவும், மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலை எட்டயபுரம், எப்போதும்வென்றான் வழியாகவும் செல்வதால், ஊர் திரும்பியோர் வந்த பாதைகள் கரிசல் கிராமங்களை ஒட்டியே அமைந்தன.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஊர் திரும்பியவர் அந்த ஊரின் பிள்ளை. ஆனால் அவரைக் கண்டு ஊரே அஞ்சியது. வீட்டுக் கதவில் ஒட்டிய தனிமைப்படுத்தல் அறிவிப்பு நோய்த்தடுப்புக்கானது என்றாலும், அக்குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் அடையாளமாகவும் அது மாறக்கூடியதாக இருந்தது. காய்ச்சலை மறைத்தால் நோய் பரவும். சொன்னால் அண்டை வீட்டார் விலகுவர் என்ற நிலையில், மக்கள் யாரை நம்பிச் சொன்னார்கள் என்பதே முக்கியமாயிற்று.

வாசலில் நடந்த பணி

களப்பணியாளர்களின் நாள்வேலை பல கூறுகளைக் கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்தோரின் பட்டியலைத் தயாரித்தல், 14 நாட்கள் அவர்களைக் கண்காணித்தல், காய்ச்சல் முகாம் நடத்துதல், மாதிரி எடுக்க அழைத்துச் செல்லுதல், தொற்று உறுதியானவருடன் பழகியோரைக் கண்டறிதல் ஆகியவை அன்றாடம் நடந்தன. தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் சோதனையையே கைக்கொண்டதால் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நோயாளி வெளியே செல்லாதிருக்கச் செய்வது, அவரைத் தெரிந்த ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொல்வதால் மட்டுமே இயன்றது.

வீட்டுத் தனிமைக்குத் தனி அறையும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்பது விதி. ஓர் அறை மட்டுமே உள்ள வீடுகளில் அதற்கு வழியில்லை. அத்தகையோர் பள்ளி, கல்லூரிக் கட்டடங்களில் அமைந்த கொரோனா பராமரிப்பு மையங்களுக்கு அனுப்பப்பட்டனர். கறவை மாட்டையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வர மறுத்தவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் அவர்களை அனுப்ப முடியாது. இத்தகைய சிறிய ஏற்பாடுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. ஆனால் இவை இன்றி நோய்த்தடுப்பு நடந்திருக்காது.

இவற்றோடு வழக்கமான பணியும் இருந்தது. ஊரடங்கின் முதல் வாரங்களில் குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பணி தடைப்பட்டுப் படிப்படியாக மீண்டது. பேருந்துகள் ஓடாத நாட்களிலும் மகப்பேறு காத்திருக்கவில்லை. அங்கன்வாடி மையங்கள் மூடப்பட்டதால் சத்துமாவு உள்ளிட்ட உணவுப்பொருள்கள் வீடுகளுக்கு வழங்கப்பட்டன.

இரண்டாம் அலை

2021 ஏப்ரல், மே மாதங்களில் வந்த இரண்டாம் அலை மிகக் கடுமையானது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இம்முறை கிராமங்களும் தப்பவில்லை. நாடெங்கும் ஆக்சிஜன் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 2018-இல் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் உற்பத்தி செய்ய உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது.

கிராம அளவில் பேருதவி செய்தது விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி. மூச்சுத்திணறல் வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது கொரோனாவின் இயல்பு. அளவு 94-க்குக் கீழே இறங்கியதைச் செவிலியர் கண்டால், அந்த நோயாளியை உடனே கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்ப முடிந்தது. சில மணி நேரம் முன்னதாக அனுப்புவது உயிரைக் காத்தது.

தடுப்பூசியும் தயக்கமும்

2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுடன் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் காலமானார். அவர் கோவில்பட்டி வட்டாரத்தோடு பிறப்பால் தொடர்புடையவர். மரக்கன்று நடும் பணியால் பெரிதும் மதிக்கப்பட்டவர். அவருடைய மறைவு தமிழ்நாடு முழுவதும் தடுப்பூசி குறித்த அச்சத்தைக் கூட்டியது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு, அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமன்று என்ற முடிவுக்கு வந்தது 2021 அக்டோபரில்தான் தெரியவந்தது. இடைப்பட்ட ஆறு மாதங்களும் அந்த அச்சத்துக்கு வாசலில் நின்று பதில் சொன்னவர்கள் களப்பணியாளர்களே.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருந்தது. கோவிஷீல்டு மருந்துக் குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கான மருந்து இருந்தது. திறந்த சில மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தியாக வேண்டும். எனவே சிற்றூர்களில் குப்பியைத் திறக்குமுன் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. காலையிலேயே காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் செல்பவர்களுக்கு ஏற்ப நேரத்தை மாற்றியும், மறுநாள் காய்ச்சலால் ஒருநாள் கூலி போகும் என்ற கவலையைப் புரிந்துகொண்டும் பேச வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் நடந்த முதல் மாபெரும் முகாமில் 20 இலட்சம் என்ற இலக்கைத் தாண்டி 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி போட்டுக்கொண்டனர்.

பெருந்தொற்றுக்குப் பின்

தொற்றுக் காலத்தில் சர்க்கரை நோய், இரத்த அழுத்த நோயாளிகள் பலர் மருத்துவமனை செல்ல அஞ்சி மாத்திரையை நிறுத்தினர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இக்குறையைப் போக்க முயன்றது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு பார்த்து மாத்திரை வழங்குகின்றனர். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. 2022 மே மாதம் இந்தியாவின் ஆஷா பணியாளர்களையும் உலக சுகாதார அமைப்பு விருதளித்துச் சிறப்பித்தது.

பாராட்டு கிடைத்த அளவுக்குப் பணிப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பெண் தன்னார்வலர்கள் ஊக்கத்தொகை பெறுபவர்களாகவே உள்ளனர். அரசு ஊழியர் நிலை அவர்களுக்கு இல்லை. பெருந்தொற்றின்போது தற்காலிகமாக நியமிக்கப்பட்ட 2,400-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணிக்காலம் 2022 டிசம்பர் 31-க்குப் பின் நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் மீண்டும் பணி கேட்டுப் போராடினர். தூய்மைக் காவலர்களும் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் குறைந்த கூலியிலேயே தொடர்கின்றனர்.

மதிப்பீடு

1918-க்கும் 2020-க்கும் இடையே மருத்துவ அறிவியல் பெரிதும் வளர்ந்தது. ஆயினும் தடுப்பூசி வருவதற்கு முந்தைய பத்து மாதங்களில் இரு காலத்துக்கும் பொதுவாக இருந்த வழிகள் மூன்றே: நோயாளியைக் கண்டறிதல், தனிமைப்படுத்துதல், பராமரித்தல். 1918-இல் இம்மூன்றையும் செய்யக் கிராமத்தில் ஆள் இல்லை. 2020-இல் இருந்தார். அந்த ஒருவரை ஊரில் நிலைநிறுத்த ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. பெருந்தொற்று வந்தபின் கருவிகளையும் கட்டில்களையும் விரைவாக வாங்கிவிடலாம். ஊர் மக்களின் நம்பிக்கையைப் பெற்ற பணியாளரை அவ்வாறு திடீரென உருவாக்க இயலாது. தொற்று இல்லாத ஆண்டுகளிலும் அவரை உரிய ஊதியத்துடன் பணியில் வைத்திருப்பதே அடுத்த கொள்ளைநோய்க்கான ஆயத்தம் என்பதைக் கரிசல் வட்டாரத்தின் அனுபவம் உணர்த்துகிறது.