மொட்டை மாடியிலிருந்தே நெபுலா போட்டோ... ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கும் முன் இதைப் படிங்க!

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது திடீர்னு ஒரு படம் வரும். கறுப்பு வானத்துல, ரோஸ் கலர்ல இறகு விரிச்ச மாதிரி ஒரு மேகம். கீழே 'எங்க வீட்டு மொட்டை மாடியில எடுத்தது' என்று கேப்ஷன். கமென்ட்ஸில் பாதிப் பேர் ஹார்ட் விடுவார்கள். மீதிப் பேர், 'ப்ரோ, இது ஏஐ' என்பார்கள்.

பெரும்பாலும் அது ஏஐ இல்லை. அந்த மேகத்தின் பெயர் ஓரியன் நெபுலா, சுருக்கமாக எம்42. எடுத்தது, பேக்பேக்கில் போட்டுத் தூக்கிட்டுப் போகக்கூடிய ஒரு ஸ்மார்ட் டெலஸ்கோப்.

ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தை நீங்க ஏற்கெனவே பார்த்திருப்பீங்க. வரிசையா மூணு நட்சத்திரம் நிற்குமே, அதேதான். நம்ம ஊர் திருவாதிரை நட்சத்திரமும் அதே கூட்டத்தில் சிவப்பா மின்னும். அந்த மூணு நட்சத்திர பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே மங்கலா ஒரு சின்ன வரிசை இருக்கும். அதன் நடுப் புள்ளிதான் நெபுலா. கிழக்கே உதிக்கும்போது பெல்ட் கிட்டத்தட்ட செங்குத்தா நிற்கும். அப்போ அதற்கு வலப்பக்கம் தேடுங்க.

வாயுவும் தூசியும் சேர்ந்த அந்த மேகத்துக்குள்ளே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. தூரம் சுமார் 1,340 ஒளியாண்டுகள். அதாவது, மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறையைக் குடைந்துகொண்டிருந்த நூற்றாண்டில் கிளம்பிய வெளிச்சம்தான் இன்னைக்கு உங்க போன் ஸ்கிரீனுக்கு வருது!

டெலஸ்கோப்பில் அப்படி என்ன 'ஸ்மார்ட்'?

சீஸ்டார் எஸ்50-ஐ எடுத்துக்கலாம். 2023-ல் வந்தது. 50 மி.மீ. லென்ஸ், எடை இரண்டரை கிலோ. கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ் கிடையவே கிடையாது. எல்லாமே போன் ஆப்பில்தான். ஆன் செய்ததும் அது வானத்தை ஒரு போட்டோ எடுக்கும். அதில் உள்ள நட்சத்திரங்களைத் தன்னிடம் இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, தான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும். நீங்க ஆப்பில் எம்42-ஐத் தொட்டால் அதுவே திரும்பி நிற்கும்.

அடுத்தது ஸ்டாக்கிங். ஒரே நீளமான போட்டோவுக்குப் பதிலா, 10 விநாடிக்கு ஒன்று என எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும். அரை மணி நேரத்தில் 180 படம். ஒவ்வொரு படத்திலும் நெபுலா அதே இடத்தில் இருக்கும். புள்ளிப் புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அடுக்க அடுக்க நாய்ஸ் அமுங்கி, நெபுலா மேலே வரும். ஆனா ஒரு கணக்கு: நாய்ஸைப் பாதியாக்க நாலு மடங்கு நேரம் வேணும். பொறுமை இல்லாதவர்களுக்கு 5 நிமிஷத்திலேயே ஏதோ ஒரு படம் வந்துடும். அதோடு நிறுத்திடாதீங்க.

இந்த நெபுலாவை முதன்முதலாகப் போட்டோ எடுத்தவர் அமெரிக்கர் ஹென்றி டிரேப்பர், 1880 செப்டம்பர் 30-ல். 11 அங்குல டெலஸ்கோப், 51 நிமிட எக்ஸ்போஷர். கிடைத்தது மங்கலான ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இப்போ அதைவிடத் தெளிவா காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துடுது.

அந்த ரோஸ் கலர் நிஜமா?

நிஜம்தான், ஆனா உங்க கண்ணுக்கு அது தெரியாது. சாதாரண டெலஸ்கோப்பில் பார்த்தால் சாம்பல் நிறத்தில், லேசா பச்சை கலந்த புகை மாதிரிதான் இருக்கும். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணால் நிறத்தைப் பிரிக்க முடியாது, சிவப்பை சுத்தமாகவே விட்டுவிடும். ஹைட்ரஜன் வாயு வெளியிடும் சிவப்பை கேமரா விடாமல் சேர்த்து வைக்கிறது. நிறம் இல்லாததைச் சேர்க்கவில்லை, ஆனா பளபளப்பைக் கூட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். 'நேர்ல பார்த்தா இப்படி இருக்குமா'ன்னு யாராவது கேட்டா, இருக்காதுன்னே சொல்லுங்க.

எப்போ, எங்கே?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரிதான் நமக்கு சீசன். ஜனவரி நடுவில் இரவு 7 மணிக்கே கிழக்கே பாதி உயரத்துக்கு வந்திருக்கும். 10 மணி வாக்கில் கிட்டத்தட்ட தலைக்கு மேல். உச்சிக்கு வந்ததும் எடுக்கலாம்னு காத்திருக்கத் தோணும். வேண்டாம். இந்த டெலஸ்கோப்கள் மேல், கீழ், இடம், வலம் என்றுதான் நகரும். நம்ம ஊர் போல ஓரியன் ரொம்ப உயரமாக ஏறும் இடத்தில், உச்சியை நெருங்க நெருங்க படம் வேகமா சுழலும். ஓரங்கள் வெட்டுப்படும். 7 மணியிலிருந்து 8.30-க்குள் கிழக்குப் பக்கம் இருக்கும்போதே எடுத்துடுங்க. பிப்ரவரியில் மேற்கே இறங்கும்போது எடுக்கலாம்.

ஊர் வெளிச்சத்துக்கு எஸ்50-க்குள்ளேயே ஒரு ஃபில்டர் இருக்கு. ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் வெளிச்சத்தை விட்டுவிட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சென்னை மாடியில்கூட எம்42 வருவது இதனால்தான். ஆனா கேலக்ஸி எடுக்க இது உதவாது. அதற்கு இருட்டுதான் ஒரே வழி. 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை ஜவ்வாது மலை காவலூரில் கொண்டுபோய் வைத்ததற்கும் அதுதான் காரணம்.

சரி, வாங்கலாமா?

அறிமுகமானபோது அமெரிக்காவிலேயே 500 டாலர் ரேஞ்ச். இறக்குமதி வரியும் சேரும் என்பதால், இ.எம்.ஐ போடும் முன் ஒரு கேள்வி: உங்களுக்கு போட்டோ வேணுமா, பார்க்கணுமா? சனிக்கோளின் வளையத்தை உங்க கண்ணாலேயே பார்த்து வாயைப் பிளக்கணும்னா, இது வேண்டாம். அதே காசுக்கு 6 அல்லது 8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்பைத் தேடுங்க. கோள்களை ஸ்மார்ட் டெலஸ்கோப்பில் எடுத்தால் பட்டாணி சைஸில்கூட வராது. நெபுலா போட்டோதான் ஆசைன்னா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: சூரியனை எடுப்பதானால், முன்பக்கம் சோலார் ஃபில்டர் மாட்டாமல் டெலஸ்கோப்பை அந்தப் பக்கமே திருப்பாதீங்க. கருவி போயிடும்.

பட்ஜெட்டே இல்லையா? கூகுள் பிக்சல் மாதிரி ஆஸ்ட்ரோ மோடு உள்ள போன் இருந்தால், ஒரு டிரைபாடில் வைத்து, நிலா இல்லாத இரவில் ஓரியன் பக்கம் திருப்புங்க. நாலு நிமிஷம் தொடாம விட்டுட்டு, அப்புறம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஜூம் பண்ணிப் பாருங்க. அந்த சின்ன வரிசையில் ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் கலங்கலா, லேசான ரோஸ் நிறத்தில் தெரியும்.