குழந்தைப் பருவக் குடும்ப வன்முறையும் பிற்காலப் பொது வன்முறையும்

வீட்டில் அடி வாங்கியோ, தாய் அடிபடுவதைக் கண்டோ வளரும் குழந்தைக்கு மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் ஆகியவை ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. அவர்களுள் சிலர் வளர்ந்தபின் அரசியல், சாதி, மத மோதல்களில் வன்முறையாளராக மாறக்கூடும். எனினும் இது தலைவிதியன்று. உரிய காலத்தில் உதவி கிடைத்தால் தடுக்கத்தக்கது.

தொடர்பு எவ்வாறு ஏற்படுகிறது?

• எந்நேரமும் அச்சத்தில் வாழும் குழந்தையின் உடலும் மனமும் ஆபத்தை எதிர்பார்த்தே பழகுகின்றன. சிறு சொல்லும் தாக்குதலாகத் தோன்றும்.
• வலியவர் எளியவரை அடித்துப் பணிய வைப்பதே வழக்கம் என்னும் பாடம் மனத்தில் பதிகிறது.
• வீட்டில் கிடைக்காத மதிப்பையும் பாதுகாப்பையும் வெளியில் தேடும் சிறுவனுக்கு, வெறுப்பை வளர்க்கும் குழு அவற்றை அளிப்பதாகத் தோன்றுகிறது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவில் 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான குழந்தைகளுள் ஏறத்தாழ 26 சதவீதத்தினர் சிறார் வயதிலேயே குற்றச் செயல்களுக்காகக் கைதாகியிருந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் இது 17 சதவீதம். அதாவது, ஆபத்து கூடினாலும் பெரும்பாலோர் அவ்வழியில் செல்லவில்லை.

பொது வன்முறையும் வீட்டுக்குள் திரும்பி வருகிறது. இலங்கையின் வடகிழக்கில் 9 முதல் 15 வயதுள்ள 296 தமிழ் மாணவரிடம் ஆழிப்பேரலைக்குப் பின் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், 82.4 சதவீதத்தினர் போர் நிகழ்வு ஒன்றையேனும் அனுபவித்திருந்தனர், 95.6 சதவீதத்தினர் குடும்ப வன்முறையின் ஏதேனும் ஒரு வடிவத்தைச் சந்தித்திருந்தனர். போர் அனுபவமும் தந்தையின் மதுப்பழக்கமும் வீட்டுக் கொடுமையோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன.

நம் மாவட்டத்தில்

கல்லிடைக்குறிச்சி அமைந்துள்ள திருநெல்வேலி மாவட்டத்தில், 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். இதையடுத்துத் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது.

சாதி வன்முறைக்கு வேர் சாதி ஏற்றத்தாழ்வே; குடும்ப வன்முறை அதற்குச் சமாதானம் ஆகாது. ஆயினும் அமைதியான வீடு, பிள்ளையை அவ்வழியிலிருந்து காக்கும் அரண்களுள் ஒன்று.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• உறக்கமின்மை, கெட்ட கனவு, திடீர்ச் சினம்
• தம்பி தங்கையரையோ விலங்குகளையோ துன்புறுத்துதல்
• பள்ளிக்குச் செல்ல மறுத்தல், மது அல்லது போதைப் பொருள் பயன்பாடு
• ஆயுதங்களைப் புகழ்தல், பிற சாதியினரையோ மதத்தினரையோ இழிவாகப் பேசுதல்

பெற்றோரும் பராமரிப்பாளரும் செய்யத்தக்கவை

• அடித்துத் திருத்த முயலாதீர்கள். தவற்றைச் சுட்டி, அதன் விளைவை விளக்குங்கள்.
• அன்பும் நம்பிக்கையும் உள்ள ஒரு பெரியவர் – பாட்டி, மாமா, ஆசிரியர் என யாராயினும் – குழந்தைக்குத் துணையாக இருக்கட்டும்.
• குடும்பத்தில் மதுப்பழக்கம் இருப்பின் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• நீங்களே சிறுவயதில் அடிபட்டவராயின், அதுபற்றி மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம்.
• அடிபடும் தாய்மார்கள், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். தாயின் பாதுகாப்பே குழந்தையின் பாதுகாப்புமாகும்.

உதவி பெற

• குழந்தைகள் உதவி எண்: 1098
• பெண்கள் உதவி எண்: 181
• மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
• உடனடி ஆபத்தில்: 112

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையையோ, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தப்போவதாகக் கூறினால், அதை விளையாட்டுப் பேச்சாகக் கருதாமல் அன்றே உதவியை நாடுங்கள்.