ஆதுலர்சாலையும் சத்திரமும்: நோயுற்ற குழந்தையின் குடும்பத்துக்கு நம் மரபு தந்த நிழல்

மைசூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அரண்மனை, தசரா, சாமுண்டி மலை, மைசூர்பாகு, மல்லிகை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேயே குடியிருக்கும் எனக்கு இன்னொரு மைசூரும் தெரியும். விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசல்களில் பிளாஸ்க்கும் துணிப்பையுமாக உட்கார்ந்திருப்பவர்களின் மைசூர் அது. மண்டியா, சாமராஜநகர், குடகு என்று சுற்று மாவட்டங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் கூடலூர்ப் பக்கத்திலிருந்தும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நண்பர், "சார், கன்னடம் தெரியாத ஒரு குடும்பம் வந்திருக்கு, கொஞ்சம் வந்து பேசிக் கொடுங்க" என்று அழைத்தார். கூடலூர் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி, அவர் மனைவி, ஐந்து வயதுப் பையன். பையனுக்கு இரத்தப் புற்றுநோய். டாக்டர் சொன்னதை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். முதல் சில வாரங்கள் இங்கேயே இருக்க வேண்டும். பிறகு வந்து போய்க்கொண்டு இரண்டு, மூன்று வருஷம் சிகிச்சை. விடாமல் செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அந்த அப்பா, "மருந்துக்கு ஏதோ வழி பண்றேன்னாங்க ஐயா. ஆனா நாங்க எங்க தங்கறது? வீட்ல இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் வேலைக்குப் போகலேன்னா அதுங்களுக்குச் சோறு?" என்றார். அன்றாடம் ஊருக்குப் போய்வரவும் முடியாது. பந்திப்பூர் காட்டு வழியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை. ஆம்புலன்சும் ஒருசில பஸ்களும் போகலாம், அவ்வளவுதான்.

பத்து நாள் இருந்தார்கள். பிறகு ஊருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. அந்தப் பத்து நாளும் நம் சங்கத்துப் பின்கட்டில் இரண்டு அறைகள் பூட்டித்தான் கிடந்தன. சாவி என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சாவிதான்.

நம் முன்னோர்க்கு இது தோன்றியதா என்று தேடிப் பார்த்தேன். தோன்றியிருக்கிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் உள்ளது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று புகழ்பெற்றது. வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலை, பதினைந்து படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், மருந்து அட்டுப் பணிவிடை செய்யப் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என்று அத்தனையும் அதில் உண்டு. ஆனால் அது முக்கியமாகக் கோயிலையும் அங்கிருந்த பள்ளியையும் சேர்ந்தவர்களுக்காக ஏற்பட்டது. நோயாளிக்கு அங்கே இடம் உண்டு. தூரத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு என்று தனியாக ஏற்பாடு இல்லை.

அந்த வேலையைச் செய்தது சத்திரம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர்பெற்றது. இந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று சரபோஜியே 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வழிப்போக்கர்க்குச் சோறு என்பதோடு அது நிற்கவில்லை. நோயில் விழுந்தவர்க்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் குணமாகும் வரை உண்டு. கைக்குழந்தைக்குப் பால் உண்டு. கர்ப்பிணி அங்கேயே பிள்ளை பெற்று மூன்று மாதம் தங்கலாம். நோயாளி, அவரோடு வந்தவர், குழந்தை என்று பிரித்துப் பார்க்காமல் குடும்பத்தையே விருந்தாளியாக ஏற்றுக்கொண்ட தருமம் அது.

இனி நம் மைசூருக்கு வருவோம். பிணி அரண்மனையையும் விட்டுவைத்ததில்லை. பத்தாம் சாமராஜ உடையார் 1894இல் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் கண்டு காலமானபோது அவருக்கு வயது 31தான். பட்டத்துக்கு வந்த மகன் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் பத்து வயதுச் சிறுவர். தாயார் வாணி விலாச சந்நிதானம் 1902 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தினார். நால்வடியாரின் சகோதரி இளவரசி கிருஷ்ணாஜம்மணியையும் அவர் மகள்களையும் காசநோய் கொண்டுபோயிற்று. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதற்கு முன் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இவைதான் மருந்து. அரசகுமாரிக்கு அதெல்லாம் கிடைத்தும் பிழைக்கவில்லை. அவர் நினைவாக 1921இல் ஏற்பட்டதுதான் கே.ஆர்.எஸ். சாலையில் உள்ள காசநோய் மருத்துவமனை. ஊர்க்காரர்கள் பி.கே. சானடோரியம் என்பார்கள். சொந்தத் துக்கத்தை ஊருக்குப் பொதுவாக்கிய செயல் அது.

அதற்கு முன்பே 1906இல் வெஸ்லியன் மிஷன் இங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கியது. அதுவும் மேரி கால்வர்ட் ஹோல்ட்ஸ்வொர்த் என்ற பெண்மணியின் நினைவாகத்தான். ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல். 1924இல் பெங்களூரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 1930இல் மைசூருக்கு வந்தது. இன்று தாய்மாரும் குழந்தைகளும் நாடிப் போகும் செலுவாம்பா ஆஸ்பத்திரி அந்தக் கல்லூரியைச் சேர்ந்ததே.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் நோயுற்ற குழந்தையைத் தாய் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதே அரிதாக இருந்த காலம் உண்டு. தாயைப் பிரிந்த குழந்தை என்ன பாடுபடுகிறது என்று ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு படமே எடுத்துக் காட்டினார். பெற்றோர் எந்நேரமும் வரலாம் என்று 1959இல் பிளாட் குழு பரிந்துரை செய்த பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. நம் ஊரில் தாயை யாராலும் கட்டிலருகிலிருந்து விரட்ட முடிந்ததில்லை. ஆனால் அவளுக்கு ஒரு பாய், ஓர் அடுப்பு, குளிக்க ஒரு மறைவிடம் வேண்டுமே என்று நாமும் அதிகம் யோசிக்கவில்லை. அவர்கள் கதவைத் திறந்ததோடு நிற்கவில்லை. 1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுமி ஒருத்தியின் தந்தையான கால்பந்து வீரரும், ஆட்ரி எவன்ஸ் என்ற பெண் மருத்துவரும் முன்னின்று, பெற்றோர் தங்க முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லத்தைத் திறந்தார்கள். சொல்லப்போனால் அது நம் சத்திரம்தான், பெயர்தான் வேறு.

நம் நாட்டிலும் அந்தச் சத்திரம் திரும்பி வந்திருக்கிறது. 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் குழந்தை நல மையங்கள் இன்று சென்னை, வேலூர் உள்படப் பல ஊர்களில் உள்ளன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தையோடு பெற்றோரும் இலவசமாகத் தங்கலாம். பொதுச் சமையலறையில் ஒவ்வொரு தாய்க்கும் தனி அடுப்பு. தன் பிள்ளைக்குத் தன் கையால் ரசம் வைத்துக் கொடுக்க முடிவது சின்ன விஷயமா, சொல்லுங்கள்!

"இப்போதுதான் அரசு காப்பீடு இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, பெரிய உதவிதான். ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரிக் கணக்கைத் தீர்க்கும். வெளியே தங்கும் வாடகையையும், இழந்த கூலியையும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் பசியையும் அது தொடாது. குழந்தைப் புற்றுநோயில் பாதியில் சிகிச்சையை விட்டுப் போவது ஏழை நாடுகளின் பெரும் துன்பம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2030க்குள் உலகெங்கும் இக்குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேரையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. அந்தக் கணக்கில் மருந்து பாதி என்றால், தங்க இடம் மீதிப் பாதி என்பேன்.

நாமும் ஒரு காலத்தில் பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்தவர்கள்தான். யாரோ ஒருவர் திண்ணை கொடுத்தார், யாரோ ஒருவர் கன்னடத்தில் விலாசம் கேட்டுச் சொன்னார். அதனால்தான் இன்று மலர் போடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறோம். ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பின்கட்டு அறைகள் இரண்டையும் விழாப் பொருட்கள் வைக்கும் கிடங்காக வைத்திருக்காமல், நோயுற்ற குழந்தையோடு வரும் குடும்பத்துக்குத் திறந்து வைப்போம். மொழி எது, சாதி எது என்று கேட்க வேண்டாம். கன்னடமும் தமிழும் தெரிந்த நம் பிள்ளைகள் வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் பேச்சுத்துணைக்குப் போகட்டும். வீட்டு விசேஷத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை இதற்கென்று ஒதுக்குவோம்.

கூடலூர்ப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தும் தகவல் கிடைக்கவில்லை. அடுத்த பையன் வருவான். அது மட்டும் நிச்சயம். சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். செயலாளர் எப்போது கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன்.